இருண்ட திரையும் அவசரத் தீர்ப்பும்

புதிதாகப் பொருத்திய கணினியின் பொத்தானை அழுத்தியதும் விசிறி சுழல்கிறது. உள்ளே விளக்குகள் ஒளிர்கின்றன. திரையில் மட்டும் எதுவும் வருவதில்லை. நம் சிற்றூர்களில் இந்த நிலைக்குப் பெரும்பாலும் ஒரே தீர்ப்புத்தான் வழங்கப்படுகிறது: "போர்டு போயிடுச்சு." எதைச் சோதித்து அந்த முடிவுக்கு வந்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் விடை கிடைப்பதில்லை. புதிய பலகையை வாங்குவதா, பழையதைச் சென்னைக்குத் திருப்பி அனுப்புவதா என்ற பேச்சு உடனே தொடங்கிவிடுகிறது.

இந்தத் தீர்ப்பு பல வேளைகளில் தவறானது என்பதும், அதைத் தவறென்று காட்டும் அறிவு எளியது என்பதும், அந்த அறிவு தமிழில் ஒழுங்காக எழுதப்படாததால் அதிக விலை கொடுப்பவர்கள் திசையன்விளை போன்ற ஊர்க்காரர்களே என்பதும் எங்கள் கருத்து. இலக்கியம் பேசுகிற இடத்தில் மதர்போர்டுக்கு என்ன வேலை என்று நண்பர்கள் புருவம் உயர்த்தலாம். சற்றுப் பொறுத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். இது மொழியைப் பற்றிய கட்டுரையும்தான்.

முதலில், திரை இருண்டிருக்கும்போது கணினி என்ன செய்கிறது என்பதைப் பார்ப்போம். மின்சாரம் கிடைத்தவுடன் கணினி தன்னைத் தானே சோதித்துக்கொள்கிறது. செயலி இயங்குகிறதா, நினைவகம் பதில் சொல்கிறதா, படம் காட்டும் பகுதி இருக்கிறதா என்று வரிசையாகப் பார்க்கிறது. 1981 ஆகஸ்டில் வெளிவந்த ஐ.பி.எம். தனியாள் கணினியிலேயே இந்தச் சோதனை உண்டு. திரை இன்னும் உயிர்பெறாத நிலையில் குறையை எழுத்தில் சொல்ல வழியில்லை. ஆகவே ஒலியால் சொன்னார்கள். ஒரு குறும் ஒலி, ஒரு நெடிலும் இரண்டு குறிலும், இடைவிடாத ஒலி என்று பயாஸ் தயாரிப்பாளர் ஒவ்வொருவரும் தத்தம் குறியீட்டை வகுத்துக்கொண்டனர். அவார்டு பயாஸில் ஒரு நெடிலும் இரண்டு குறிலும் ஒலித்தால் படம் காட்டும் அட்டையில் குறை என்று பொருள். (குறில், நெடில் என்ற சொற்களை இங்கே கடன் வாங்கியதற்கு இலக்கணப் புலவர்கள் பொறுத்தருள்க.)

இன்றைய பலகைகள் பலவற்றில் அந்தச் சிறு ஒலிபெருக்கி பெட்டியோடு வருவதில்லை. அதைச் செருகும் முனைகள் மட்டும் பலகையின் ஓரத்தில் காத்திருக்கின்றன. தனியே வாங்கினால் சில பத்து ரூபாய்தான். அதற்கு மாற்றாகப் பல பலகைகளில் நான்கு சிறு விளக்குகள் வைத்திருக்கிறார்கள். சி.பி.யு., டிராம், வி.ஜி.ஏ., பூட் என்று பெயரிட்ட அவற்றுள் எது அணையாமல் நிற்கிறதோ, சோதனை அந்த இடத்தில் தடைப்பட்டிருக்கிறது. இயந்திரம் தன் வலி எங்கே என்று கைகாட்டுகிறது. அந்த விளக்கைப் பார்க்காமலே "போர்டு போயிடுச்சு" என்பவரை என்னவென்று சொல்வது?

இனித் தேடும் முறை. வெளியிலிருந்து உள்ளே போவதும், செலவில்லாததை முதலில் பார்ப்பதும், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவதும் இதன் மூன்று விதிகள். விதிகள் அனைத்தும் இவ்வளவே.

வெளியில் பார்க்க வேண்டியவை சில. திரை "நோ சிக்னல்" என்று எழுதிக் காட்டினால் திரை நலமாக இருக்கிறது, கணினியிலிருந்து எதுவும் வந்து சேரவில்லை என்று பொருள். கம்பி எந்த வழியில் செருகப்பட்டிருக்கிறதோ அந்த வழியே திரையின் பட்டியலில் தேர்வு செய்யப்பட்டிருக்க வேண்டும். அடுத்தது கணினியின் முதுகுப்புறம். தனிப் படஅட்டை இருந்தால் கம்பி அந்த அட்டையில்தான் செருகப்பட வேண்டும். மேலே பலகையில் உள்ள துளையில் செருகினால், படம் காட்டும் திறன் இல்லாத செயலிகளில் திரை இருண்டே கிடக்கும். இன்டெல் செயலியின் பெயர் 'எஃப்' என்ற எழுத்தோடு முடிந்தால் அதற்குள் படம் காட்டும் பகுதி இல்லை. ஏ.எம்.டி.யின் மேசைக் கணினிச் செயலிகளில் ரைசன் 5000 வரிசை வரை 'ஜி' எழுத்து இல்லாதவற்றின் நிலையும் அதுவே. பெட்டியின் மேல் அச்சிட்ட ஓரெழுத்து தெரியாமல் நல்ல பலகையைக் குறை சொல்லித் திருப்பி அனுப்பியவர்கள் நம்மிடையே உண்டு.

விசைப்பலகையும் ஒரு சாட்சி. 'நம் லாக்' விசையை அழுத்தும்போது அதன் விளக்கு எரிந்து அணைந்தால் இயந்திரம் விழித்திருக்கிறது. அப்போது குறையைப் படம் காட்டும் வழியில் மட்டும் தேடினால் போதும்.

அடுத்து உள்ளே. பலகைக்கு 24 முனைச் செருகி ஒன்று, செயலிக்கெனத் தனியே 8 முனைச் செருகி ஒன்று என எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து குறைந்தது இரண்டு வர வேண்டும். இரண்டாவது இல்லாவிட்டாலும் விசிறி சுழலும், விளக்கு எரியும். செயலி மட்டும் பட்டினி கிடக்கும். படஅட்டைக்கான 8 முனைச் செருகியும் ஏறத்தாழ இதே தோற்றம் உடையது. ஆனால் செயலிக்குரியது நான்கும் நான்குமாகப் பிரியும், அட்டைக்குரியது ஆறும் இரண்டுமாகப் பிரியும். ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வலிந்து செருகக் கூடாது. நினைவக அட்டை இரு முனையிலும் 'டக்'கென்று ஒலி எழும்பும்வரை இறங்க வேண்டும். நான்கு துளைகள் உள்ள பலகையில் ஒரே அட்டையைப் போடும்போது செயலியிலிருந்து எண்ணி இரண்டாவது துளையையே பெரும்பாலான கையேடுகள் பரிந்துரைக்கின்றன.

டி.டி.ஆர்.5 நினைவகம் உள்ள கணினிகளுக்கு மேலும் ஒரு குணம் உண்டு. முதன்முறை உயிரூட்டும்போது பலகை அந்த நினைவகத்தோடு பழகிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளலாம். அதுவரை திரை இருண்டிருக்கும். பொறுமையிழந்து மின்சாரத்தை நிறுத்தினால் அந்தப் பழக்கம் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். பத்து நிமிடம் காத்திருந்து ஒரு குவளை தேநீர் அருந்துவதும் இங்கே சோதனை முறையில் அடங்கும்.

இவற்றால் பயனில்லையெனில் இருப்பதைக் குறைக்க வேண்டும். பலகையைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து, அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் வைத்து, செயலி, அதன் விசிறி, ஒரேயொரு நினைவக அட்டை, எஸ்.எம்.பி.எஸ். ஆகியவற்றை மட்டும் இணைக்க வேண்டும். செயலிக்குள் படம் காட்டும் பகுதி இல்லையெனில் படஅட்டையும் வேண்டும். அந்த நிலையில் உயிர் வந்தால் குறை, கழற்றி வைத்தவற்றில் ஒன்றில் இருக்கிறது. பெட்டிக்குள் தேவையற்ற இடத்தில் பொருத்திய பித்தளைத் தாங்கி ஒன்று பலகையின் முதுகைத் தொட்டுக்கொண்டிருப்பதும் உண்டு. உயிர் வராவிட்டால் மிச்சமிருப்பவற்றை ஒவ்வொன்றாக, நன்றாக இயங்குவதாக நாம் அறிந்த வேறொன்றோடு மாற்றிப் பார்க்க வேண்டும். நாணயம் போன்ற 3 வோல்ட் மின்கலத்தை, மின்செருகியைப் பிடுங்கிய பிறகு எடுத்துச் சில நிமிடம் கழித்துப் பொருத்தினால் பயாஸின் பழைய அமைப்புகள் அழியும். அதனாலும் சில பலகைகள் எழுந்து நிற்கின்றன.

மாற்றிவைத்து ஒப்பிடும் இந்த முறை எங்கள் வட்டாரத்துக்குப் புதிதன்று. திசையன்விளைக்கு அருகிலுள்ள இடையன்குடியில் 1841 முதல் வாழ்ந்த கால்டுவெல், 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கண நூலில் ஒரே சொல்லைத் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எது எல்லாவற்றிலும் நிலைத்து நிற்கிறது, எது ஓரிடத்தில் மட்டும் மாறுகிறது என்று கவனித்து வேரைத் தேடினார். அவர் முடிவுகளோடு உடன்படாதவர்கள் இருக்கலாம். ஆனால் எடுத்தவுடன் தீர்ப்புச் சொல்லாமல் ஒப்பிட்டுப் பார்க்கும் அந்தப் பொறுமை மொழிக்கும் இயந்திரத்துக்கும் பொது.

எங்கள் ஊரின் தன்மையையும் கணக்கில் கொள்ள வேண்டும். சுற்றிலும் தேரிச் செம்மண், அருகில் உவரிக் கடல். ஆடிக் காற்று எழும்பினால் சன்னல் மூடிய அறையிலும் சிவந்த தூசி படியும். உப்புக் காற்று உலோக முனைகளை மங்க வைக்கும். நினைவக அட்டையின் முனைகளை அழிப்பானால் மெல்லத் தேய்த்துப் பொருத்தும் பழைய மெக்கானிக் வழக்கம் இந்த மண்ணில் பொருளற்றதன்று. ஆனால் நேற்று உறை பிரித்த புதிய கணினிக்கும் அதையே முதல் மருந்தாகச் சொல்வது, காய்ச்சல் எதுவென்று பாராமல் எல்லோருக்கும் ஒரே மாத்திரையைக் கொடுப்பது போலாகும்.

இங்கே ஒரு நிகழ்வைச் சொல்ல வேண்டும். பழைய நூல்களைத் தட்டச்சு செய்து மெய்ப்புப் பார்ப்பதற்காக நண்பர்கள் சிலர் பணம் சேர்த்துத் திசையன்விளையில் ஒரு கணினியைப் பொருத்தினோம். பலகையும் செயலியும் ஒரே கடையில், ஒன்றுக்கொன்று பொருந்தும் என்ற உறுதிமொழியோடு வாங்கியவை. மேலே சொன்ன இருள் எங்களையும் வந்து சேர்ந்தது. கடைக்காரரைத் தொலைபேசியில் அழைத்தபோது பலகை பழுது என்று கேட்காமலே சொன்னார். மாற்றித் தருவீர்களா என்றதற்கு, "பெட்டியைத் திறந்துட்டீங்களே சார்" என்றார். பெட்டியைத் திறக்காமல் அது இயங்குகிறதா என்று பார்க்கும் வித்தையை அவர் எங்களுக்குக் கற்பிக்கவில்லை.

வரிசையாகத் தேடினோம். கம்பி சரி, செருகிகள் சரி, ஒற்றை நினைவகத்தோடும் அதே இருள். சி.பி.யு. என்ற விளக்கு மட்டும் அணையாமல் நின்றது. பலகையின் பெட்டியில் ஒட்டியிருந்த தாளைப் படித்தோம். தயாரிப்பாளரின் வலைத்தளத்தில் அந்தச் செயலியை அறிந்துகொள்ள எந்தப் பயாஸ் பதிப்பு வேண்டுமென்ற அட்டவணை இருந்தது. எங்கள் பலகையில் இருந்தது அதற்கு முந்திய பதிப்பு. பலகைக்கு அந்தச் செயலி யாரென்றே தெரியாது. இரண்டும் நலமாக இருந்தன, அறிமுகம்தான் இல்லை.

நல்வாய்ப்பாக, செயலி இல்லாமலே பயாஸை மாற்றும் சிறு பொத்தான் அந்தப் பலகையின் முதுகில் இருந்தது. புதிய பதிப்பைப் பென் டிரைவில் ஏற்றி, கையேடு சொன்ன பெயரைக் கோப்புக்கு இட்டு, குறியிட்ட துளையில் செருகிப் பொத்தானை அழுத்த வேண்டும். அந்நேரம் மின்சாரம் நின்றால் பலகை உண்மையாகவே போய்விடலாம். ஆகவே இன்வெர்ட்டர் முழுதும் மின்னேற்றம் பெறும்வரை காத்திருந்து செய்தோம். விளக்குச் சில நிமிடங்கள் மினுக்கி அணைந்தது. அடுத்த முறை உயிரூட்டியபோது திரையில் எழுத்து வந்தது. செலவு ஏதுமில்லை. கடைக்காரர் சொல்லை நம்பியிருந்தால் ஒரு பலகையின் விலை போயிருக்கும். அதே பழைய பதிப்போடு இன்னொரு பலகை வந்திருந்தால் அதுவும் "பழுது" என்றே பெயர் வாங்கியிருக்கும்.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்த விந்தையன்று. 2018 பிப்ரவரியில் ஏ.எம்.டி. நிறுவனம் படம் காட்டும் பகுதியோடு கூடிய ரைசன் 2200ஜி, 2400ஜி செயலிகளை வெளியிட்டபோது, கடைகளில் இருந்த பழைய பலகைகளில் அவை விழிக்கவில்லை. பயாஸைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் அந்தப் பலகை ஏற்கும் பழைய செயலி ஒன்று கையில் இருக்க வேண்டும். புதிதாக வாங்கியவரிடம் அது எங்கிருந்து வரும்? கடைசியில் அந்த நிறுவனமே, புதுப்பித்துக்கொண்டு திருப்பித் தரும்படி வாடிக்கையாளர்களுக்குச் செயலியைக் கடனாக அனுப்பும் ஏற்பாட்டைச் செய்தது. தயாரித்தவரே ஒப்புக்கொண்ட சிக்கல் அது. அதை அறிந்த விற்பனையாளர், விற்கும்போது ஒரு வரி சொல்லியிருந்தால் வாங்குபவரின் அலைச்சல் தீர்ந்திருக்கும்.

"இவ்வளவு தொல்லை எதற்கு? மடிக்கணினி வாங்கினால் முடிந்தது" என்பார்கள் சிலர். வாங்கலாம். ஆனால் பகுதி பகுதியாக வாங்கிப் பொருத்துவதில் இந்த ஆண்டு நினைவகம், அடுத்த ஆண்டு படஅட்டை என்று கைக்கு எட்டியபடி வளர்க்கலாம். பனையையும் முருங்கையையும் நம்பி வாழும் குடும்பத்துக்கு அது பெரிய வசதி. "தெரிந்தவரிடம் கொடுத்துவிட வேண்டியதுதானே" என்பது இன்னொரு கேள்வி. எங்களுக்கு மெக்கானிக்குகளோடு பகையில்லை. விளக்கையும் ஒலியையும் வைத்தே குறையைச் சொல்லிவிடுகிற கைதேர்ந்தவர்கள் நெல்லையிலும் நாகர்கோவிலிலும் இருக்கிறார்கள். சில வேலைகளை அவர்களிடம்தான் விட வேண்டும். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் மூடியைத் திறப்பது அவற்றுள் ஒன்று. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அதனுள் மின்தேக்கிகள் ஆபத்தான மின்னழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும். செயலி அமரும் இடத்தில் வளைந்த மெல்லிய ஊசிகளை நிமிர்த்துவது இன்னொன்று. நாங்கள் வேண்டுவது, மெக்கானிக்கிடம் போவதற்கு முன் நாமே பார்க்கக் கூடியவற்றைப் பார்த்துவிட்டுப் போவது. "டிஸ்ப்ளே வரவில்லை" என்று சொல்வதற்கும், "சி.பி.யு. விளக்கு நிற்கிறது, நினைவகத்தை மாற்றிப் பார்த்தாயிற்று" என்று சொல்வதற்கும் வேறுபாடு உண்டு. இரண்டாவது சொல்லைக் கேட்டவர் எளிதில் ஏமாற்ற மாட்டார். நல்லவரானால் மகிழவும் செய்வார்.

திசையன்விளையிலிருந்து ஒரு பொருளைத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோய்த் திரும்புவதற்கு ஒரு நாள் கழிந்துவிடும். சென்னை ரிச்சி தெரு அறுநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. கூரியரில் அனுப்பி மாற்றுப் பொருள் வரும்வரை வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சென்னைவாசிக்கு ஒரு மாலைப்பொழுதின் அலைச்சலாக முடிவது, இங்கே ஒரு மாணவரின் அரைப் பருவத்தைத் தின்றுவிடுகிறது. ஆகவே கடையிலிருந்து தொலைவு கூடக்கூட, தானே சோதிக்கும் அறிவின் தேவையும் கூடுகிறது. நடப்பதோ இதற்கு நேர்மாறு. அந்த அறிவு ஆங்கிலத்திலும், கடைத்தெருவின் வாய்மொழியிலும் மட்டுமே புழங்குகிறது.

கணினித் தமிழுக்காக நாம் செய்தவை குறைவல்ல. 1998இல் மதுரைத் திட்டம் தொடங்கியது. 1999இல் சென்னை மாநாட்டையொட்டித் தமிழ்99 விசைப்பலகை வந்தது. 2003இல் தமிழ் விக்கிப்பீடியா பிறந்தது. எழுத்துரு, குறியீடு, பிழைதிருத்தி என்று எத்தனையோ பேர் இராப்பகலாக உழைத்தார்கள். அவையனைத்தும் திரை ஒளிர்ந்த பிறகு நடப்பவை. திரை ஒளிர்வதற்கு முந்திய அந்தச் சில நொடிகளில் தமிழ் இன்னும் நுழையவில்லை. நாங்கள் பார்த்த பலகைகளின் கையேடுகளில் சீனமும் சப்பானியமும் செருமனும் இருந்தன, தமிழ் இல்லை. பயாஸின் மொழிப் பட்டியலிலும் இல்லை. அதற்காகத் தயாரிப்பாளரை நொந்துகொள்வதைவிட, நாம் எழுதக் கூடியதை எழுதாமல் இருப்பதை எண்ணிப் பார்ப்பது நல்லது. கலைச்சொல் அகராதிகள் நமக்கு நிறைய உண்டு. 'தாய்ப்பலகை' என்பதா 'மூலப்பலகை' என்பதா என்று நாள்கணக்கில் வாதிடுவோம். அந்தப் பலகை விழிக்காவிட்டால் என்ன செய்வது என்பதை வரிசைப்படுத்தி எழுதியவர் சிலரே.

சட்டமும் நம் பக்கம் மெல்லத் திரும்புகிறது. 2022 டிசம்பரில் இந்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கான வலைத்தளத்தைத் தொடங்கியது. கைபேசியும் மின்னணுக் கருவிகளும் அதன் நான்கு துறைகளுள் ஒன்று. உரிமை இருந்தாலும் அதைக் கையாளும் அறிவு மொழியில் இல்லையென்றால் அது ஏட்டளவில் நின்றுவிடும்.

ஆகவே எங்கள் வேண்டுகோள் இரண்டு. கடைக்காரர்களுக்கு: செயலியையும் பலகையையும் சேர்த்து விற்கும்போது பயாஸ் பதிப்பு பொருந்துகிறதா என்று பார்த்து ரசீதில் எழுதிக் கொடுங்கள். பெட்டி திறக்கப்பட்டது என்பதைச் சாக்காக்காதீர்கள். கணினி அறிந்த தமிழ் எழுத்தாளர்களுக்கு: இருண்ட திரைக்கு என்ன செய்வது என்பதை, படத்தோடும் வரிசையோடும், மெக்கானிக் கடையில் புழங்கும் சொற்களைக் கொண்டே எழுதுங்கள். 'எஸ்.எம்.பி.எஸ்.' என்ற சொல் இருக்கட்டும், வாக்கியம் தமிழாக இருந்தால் போதும். அப்படி எழுதிய நாலு பக்கத்தை அச்சிட்டு ஒவ்வொரு ஊர் நூலகத்திலும் வைத்துவிட்டால், "போர்டு போயிடுச்சு" என்று யாரேனும் சொல்லும்போது "எதைப் பார்த்துச் சொல்கிறீர்கள்?" என்று கேட்க ஒரு பள்ளி மாணவிக்கும் துணிவு வரும்.